ஒருங்கிணைந்த கம்பியில்லா அணுகுமுனைகளும் காப்புரிமையில் ‘எளிதிற் புலப்படுதன்மை’ மறுஆய்வும்

ஆய்வுச்சுருக்கம்

அண்மையிலுள்ள பல வைஃபை அணுகுமுனைகள் தமக்குள் உடன்பட்டு ஒரே வேளையில் செலுத்தும் நுட்பம் அடுத்த தலைமுறைக் கம்பியில்லா வலையமைப்பின் மையக் கருத்தாக உருவாகி வருகின்றது. இந்நுட்பத்தின் உறுப்புகள் பலவும் தனித்தனியே முன்பே அறியப்பட்டவை. ஆகவே, அவற்றை இணைப்பதற்கு வழங்கப்படும் காப்புரிமை செல்லுமா என்பது, அவ்விணைப்பு துறைத் தேர்ச்சியாளருக்கு எளிதிற் புலப்பட்டிருக்குமா என்னும் வினாவைச் சார்ந்தே அமைகின்றது. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவையும், காப்புரிமை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு வாரியம் நிகழ்த்தும் இருதரப்பு மறுஆய்வையும் அடிப்படையாகக் கொண்டு, விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட இரண்டு உரிமைக்கோரல்களின் வழியாக இவ்வினா எவ்வாறு ஆராயப்படுகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இணைப்பதற்கான காரணம், வெற்றி குறித்த நியாயமான எதிர்பார்ப்பு ஆகிய இரண்டும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை என்பதும், அவற்றைக் குழப்புவதே இருதிசைகளிலும் பிழையான முடிவுகளுக்கு வழிவகுக்கின்றது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, எளிதிற் புலப்படுதன்மை, முன்னறிவு, இருதரப்பு மறுஆய்வு, அணுகுமுனை ஒருங்கிணைப்பு, வைஃபை.

1. முன்னுரை

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒன்றாக அணுகுமுனைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் அலைவரிசையைக் கேட்டு, அது ஓய்ந்திருந்தால் மட்டுமே செலுத்துகின்றது. பிறிதொன்று செலுத்திக்கொண்டிருந்தால் காத்திருக்கின்றது. வைஃபையின் தொடக்கம் முதல் இருந்துவரும் இம்முறை எளியது; எனினும் நெருக்கடியான இடங்களில் காத்திருப்பே மிகுதியாகின்றது. அணுகுமுனைகள் ஒன்றோடொன்று பேசித் தம் செலுத்துகையைத் திட்டமிட்டால் இக்காத்திருப்பைக் குறைக்கலாம் என்பதே ஒருங்கிணைப்பின் அடிப்படை எண்ணம்.

இவ்வெண்ணம் புதியதன்று. கைப்பேசி வலையமைப்பில் இதையொத்த நுட்பம் 3ஜிபிபி அமைப்பின் 11ஆம் வெளியீட்டிலேயே எல்.டி.இ. தரத்தில் இடம்பெற்றது. வைஃபையில் இது 802.11பிஇ எனப்படும் ஏழாம் தலைமுறைக்காக ஆராயப்பட்டுப் பின்னர் ஒத்திவைக்கப்பட்டது, தற்போது 802.11பிஎன் எனப்படும் எட்டாம் தலைமுறைக்கான பணியில் இடம்பெறுகின்றது. ஒரு துறையில் பழகிய எண்ணம் மற்றொரு துறைக்குள் நுழையும் இத்தகைய தருணங்களிலேயே காப்புரிமை விண்ணப்பங்கள் பெருகுகின்றன. அவற்றின் செல்லுபடி குறித்த வழக்குகளும் எழுகின்றன.

1.1 கலைச்சொல் குறித்து

‘வெளிப்படைத்தன்மை’ என்னும் சொல் இன்று நிர்வாகத்தில் ஒளிவுமறைவின்மையைக் குறிக்க நிலைபெற்றுவிட்டது. காப்புரிமைச் சட்டம் பேசுவது அதனையன்று. முன்பு அறிந்தவற்றிலிருந்து ஒன்று தேர்ச்சியாளரின் அறிவுக்குத் தானே தோன்றக்கூடியதா என்பதையே அது கேட்கின்றது. எனவே இக்கட்டுரையில் ‘எளிதிற் புலப்படுதன்மை’ என்னும் தொடர் ஆளப்படுகின்றது. விண்ணப்ப நாளுக்கு முன் பொதுமக்கள் அடையக்கூடியதாக இருந்த அறிவுத்தொகுதி ‘முன்னறிவு’ எனவும், சட்டம் கற்பனை செய்யும் சராசரித் திறனுடைய வல்லுநர் ‘துறைத் தேர்ச்சியாளர்’ எனவும் சுட்டப்படுகின்றனர்.

2. சட்ட அளவுகோல்

2.1 கதவுக்குமிழ் முதல் மிதிகட்டை வரை

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851ஆம் ஆண்டு ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் வழக்கில், மரத்தாலோ உலோகத்தாலோ செய்யப்பட்டுவந்த கதவுக்குமிழைக் களிமண்ணால் செய்தது காப்புரிமைக்கு உரியதன்று எனத் தீர்ப்பளித்தது. பொருளை மாற்றியது கைவினைஞரின் திறமையே தவிரக் கண்டுபிடிப்பாளரின் ஆக்கமன்று என்பது அதன் சாரம். இக்கோட்பாடு 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் 103ஆம் பிரிவாக எழுத்துவடிவம் பெற்றது.

அப்பிரிவைப் பயன்படுத்தும் முறையை 1966ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் ஜான் டீர் வழக்கு வகுத்தது. முன்னறிவின் எல்லையும் உள்ளடக்கமும், முன்னறிவுக்கும் உரிமைக்கோரலுக்கும் உள்ள வேறுபாடு, துறைத் தேர்ச்சியாளரின் திறன்நிலை ஆகியவற்றை முதலில் உறுதிசெய்ய வேண்டும். வணிக வெற்றி, நெடுநாள் நிறைவேறாத தேவை, பிறரின் தோல்வி முதலிய புறச்சான்றுகளையும் கருத வேண்டும்.

2007ஆம் ஆண்டின் கே.எஸ்.ஆர். எதிர் டெலிஃபிளெக்ஸ் வழக்கு, சரிசெய்யத்தக்க வாகன மிதிகட்டையோடு மின்னணு உணரியை இணைத்தது பற்றியது. இரு ஆவணங்களை இணைக்க அவற்றிலேயே வெளிப்படையான தூண்டுதல் இருந்தாக வேண்டும் என்னும் கடுமையான விதியை நீதிமன்றம் தளர்த்தியது. துறைத் தேர்ச்சியாளர் சாதாரணப் படைப்பாற்றல் உடையவர். பொறிபோல் இயங்குபவர் அல்லர் என்பது அத்தீர்ப்பின் நிலைப்பாடு. அதே வேளையில், உறுப்புகள் ஒவ்வொன்றும் முன்பே அறியப்பட்டவை என்று காட்டுவது மட்டும் போதாது என்றும், அவற்றை அவ்வாறு இணைத்ததற்கான காரணம் தெளிவாக எடுத்துரைக்கப்பட வேண்டும் என்றும் அது வலியுறுத்தியது. இவ்விரண்டாம் பகுதி அடிக்கடி மறக்கப்படுகின்றது.

2.2 இருதரப்பு மறுஆய்வு

2011ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட இருதரப்பு மறுஆய்வு, 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. வழங்கப்பட்ட காப்புரிமையின் கோரல்களை மூன்றாம் தரப்பினர் வாரியத்தின் முன் எதிர்க்கலாம். எதிர்ப்புக்குக் காப்புரிமைகளையும் அச்சிட்ட வெளியீடுகளையும் மட்டுமே ஆதாரமாகக் கொள்ள இயலும். புதுமையின்மை, எளிதிற் புலப்படுதன்மை ஆகிய இரண்டு காரணங்களை மட்டுமே முன்வைக்க இயலும். குறைந்தது ஒரு கோரலிலேனும் மனுதாரர் வெல்லக்கூடும் என்னும் நியாயமான வாய்ப்பு தெரிந்தாலே மறுஆய்வு தொடங்கப்படும். தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இறுதி முடிவு வர வேண்டும். தக்க காரணமிருப்பின் ஆறு மாதம் நீட்டிக்கலாம்.

மெய்ப்பிப்பின் அளவும் வேறுபடுகின்றது. மாவட்ட நீதிமன்றத்தில் காப்புரிமை செல்லாது என நிறுவத் தெளிவான, நம்பத்தக்க சான்று தேவை என்பதை 2011ஆம் ஆண்டின் மைக்ரோசாஃப்ட் எதிர் ஐ4ஐ வழக்கு உறுதிசெய்தது. வாரியத்தின் முன் சான்றின் மிகுதி எப்பக்கம் சாய்கின்றது என்பதே போதும். ஆகவே ஒரே காப்புரிமை ஓரிடத்தில் நிலைத்து, மற்றோரிடத்தில் வீழக்கூடும்.

3. நுட்பப் பின்புலம்

அணுகுமுனை ஒருங்கிணைப்பு ஒரே நுட்பத்தின் பெயரன்று. பல படிநிலைகளின் தொகுப்புப் பெயர். முதற்படியில் அணுகுமுனைகள் நேரத்தைப் பங்கிட்டுக் கொள்கின்றன. இரண்டாம் படியில் ஒரே நேரத்தில் செலுத்தினாலும் திறனைக் கட்டுப்படுத்தித் தமக்குள் குறுக்கீட்டைக் குறைக்கின்றன. இது ஒருங்கிணைந்த இடவழி மறுபயன்பாடு எனப்படும். மூன்றாம் படியில் அண்டை வலையமைப்பின் நிலையம் உள்ள திசையில் அலை விழாதவாறு கற்றையை வடிவமைக்கின்றன. நான்காம் படியில் பல அணுகுமுனைகள் ஒரே தரவை ஒரே நிலையத்திற்குச் சேர்ந்து செலுத்துகின்றன; இது கூட்டுச் செலுத்துகை.

படி உயர உயரத் தேவைப்படும் ஒத்திசைவும் கடுமையாகின்றது. நேரப் பங்கீட்டுக்கு மைக்ரோ நொடி அளவிலான ஒத்திசைவு போதும். கூட்டுச் செலுத்துகைக்கோ அலையின் கட்டமே ஒத்திருக்க வேண்டும். இவ்வேறுபாடே சட்ட ஆய்வில் தீர்மானமான இடத்தைப் பெறுகின்றது. ஒருங்கிணைப்பு முன்பே அறியப்பட்டது என்னும் பொதுக்கூற்று எந்தப் படியைக் குறிக்கின்றது என வினவாத மறுஆய்வு, தொடக்கத்திலேயே வழிதவறிவிடுகின்றது.

4. முதற் கோரல்: திறன் கட்டுப்பாட்டுடன் ஒருங்கு செலுத்துதல்

விளக்கத்திற்காகப் பின்வரும் கோரலை அமைத்துக்கொள்வோம். இதன் விண்ணப்ப நாள் 2022 எனக் கொள்க. முதல் அணுகுமுனை அலைவரிசையைப் பெற்று, இரண்டாம் அணுகுமுனைக்கு ஒரு தூண்டல் சட்டகத்தை அனுப்புகின்றது. அச்சட்டகத்தில் இரண்டாம் அணுகுமுனைக்கான திறன் உச்சவரம்பு உள்ளது. அவ்வரம்பு முதல் அணுகுமுனையின் நிலையம் தாங்கக்கூடிய குறுக்கீட்டிலிருந்து கணிக்கப்பட்டது. பின்னர் இரண்டும் ஒரே வேளையில் தத்தம் நிலையங்களுக்குச் செலுத்துகின்றன.

4.1 முன்னறிவு

2021ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற 802.11ஏஎக்ஸ் தரத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, பல நிலையங்களை ஒரே வேளையில் செலுத்தச் செய்யும் தூண்டல் சட்டகம். மற்றொன்று, அளவுருசார் இடவழி மறுபயன்பாடு. இதில் அணுகுமுனை தன் செலுத்துதிறனையும் தான் தாங்கக்கூடிய குறுக்கீட்டளவையும் கூட்டிய மதிப்பைத் தூண்டல் சட்டகத்தில் அறிவிக்கின்றது. அதனைக் கேட்கும் அண்டைக் கருவி, அச்சட்டகம் தன்னை எவ்வளவு வலிமையோடு வந்தடைந்தது என்பதை அம்மதிப்பிலிருந்து கழித்து, தான் எவ்வளவு திறனோடு செலுத்தலாம் எனக் கணிக்கின்றது.

4.2 வேறுபாடு

அத்தரத்தில் பாதுகாக்கப்படுவது தூண்டல் சட்டகத்தை அனுப்பிய அணுகுமுனையே. ஏனெனில் அடுத்து நிலையங்களிடமிருந்து தரவைப் பெறப்போவது அதுவே. நம் கோரலில் பாதுகாக்கப்பட வேண்டியது நிலையம். அந்நிலையம் எச்சட்டகத்தையும் அனுப்பவில்லை; ஆகவே தனக்கும் அதற்கும் இடையிலான அலைத்தேய்வை இரண்டாம் அணுகுமுனை கேட்டு அறிய இயலாது. இதுவே முன்னறிவுக்கும் கோரலுக்கும் இடைப்பட்ட உண்மையான இடைவெளி.

4.3 இடைவெளியை நிரப்புதல்

2008ஆம் ஆண்டின் 802.11கே திருத்தம், நிலையம் அண்டை அணுகுமுனைகளின் அறிவிப்புச் சட்டகங்களை எவ்வளவு வலிமையோடு பெறுகின்றது என்பதைத் தன் அணுகுமுனைக்கு அறிக்கையிடும் முறையைத் தருகின்றது. அறிவிப்புச் சட்டகத்தின் செலுத்துதிறன் தெரிந்தால் அலைத்தேய்வு கிடைத்துவிடும். எஞ்சுவது எளிய கணக்கே. நிலையம் தன் அணுகுமுனையிடமிருந்து −55 டிபிஎம் அளவில் குறிகையைப் பெறுகின்றது என்றும், அது குறுக்கீட்டைவிட 25 டெசிபெல் மிகுதியாக இருக்க வேண்டும் என்றும் கொண்டால், குறுக்கீடு −80 டிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது. இரண்டாம் அணுகுமுனையிலிருந்து நிலையத்திற்கு அலைத்தேய்வு 95 டெசிபெல் எனில், அதன் திறன் உச்சவரம்பு 15 டிபிஎம்.

இணைப்பதற்கான காரணம் இங்குத் தெளிவு. குறுக்கீட்டைப் பெறுபவரிடத்தே அளக்க வேண்டும் என்பது கம்பியில்லாத் தொடர்பின் அடிப்படைப் பாடம். பெறுபவர் அணுகுமுனையிலிருந்து நிலையமாக மாறும்போது, அந்நிலையத்தின் அளவீட்டை நாடுவது இயல்பு. அதற்கான அறிக்கை அதே தரக்குடும்பத்தில் காத்திருக்கின்றது. வெற்றி குறித்த எதிர்பார்ப்புக்கும் தடையில்லை. கட்ட ஒத்திசைவு தேவைப்படாமையால் அறியப்பட்ட உறுப்புகள் தத்தம் அறியப்பட்ட பணியையே செய்கின்றன. ஆகவே இக்கோரல் எளிதிற் புலப்படுவது என்னும் முடிவுக்கே சான்று சாய்கின்றது.

5. இரண்டாம் கோரல்: கூட்டுச் செலுத்துகை

அதே விண்ணப்ப நாளுடைய மற்றொரு கோரல்: தூண்டல் சட்டகத்தைப் பெற்றபின் இரு அணுகுமுனைகளும் ஒரே தரவை ஒரே நிலையத்திற்கு, அலைகள் அங்குக் கட்டம் ஒத்துச் சேரும்படி, ஒரே வேளையில் செலுத்துகின்றன.

5.1 எதிர்பார்ப்பு என்னும் தடை

மனுதாரர் எல்.டி.இ.யின் கூட்டுச் செலுத்துகையையும் 802.11ஏஎக்ஸ் தூண்டல் சட்டகத்தையும் மட்டும் இணைத்து வாதிடுகின்றார் எனக் கொள்வோம். இணைப்பதற்கான காரணம் உண்டு: குறிகையின் வலிமை மிகும், குறுக்கீடு பயனுள்ள ஆற்றலாக மாறும். எனினும் கைப்பேசி நிலையங்கள் இழைவழி இணைப்பாலும் துல்லியமான பொதுக் கடிகாரத்தாலும் ஒத்திசைக்கப்படலாம். வைஃபை அணுகுமுனை ஒவ்வொன்றும் தன் மலிவான படிக அலையியற்றியையே நம்பியுள்ளது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தரம் அனுமதிக்கும் பிழை பத்து இலட்சத்தில் 20 பகுதி. அதாவது 100 கிலோஹெர்ட்ஸ். இரண்டு அணுகுமுனைகள் எதிரெதிர்த் திசையில் பிழைத்தால் வேறுபாடு 200 கிலோஹெர்ட்ஸ் ஆகும். அந்நிலையில் அவற்றின் ஒப்புமைக் கட்டம் 5 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை முழுச்சுற்று சுற்றிவிடும்.

தூண்டல் சட்டகமே இப்பிழையைத் திருத்தாதா எனலாம். தூண்டப்பட்ட நிலையங்கள் தம் அதிர்வெண்ணை அணுகுமுனையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்றே 802.11ஏஎக்ஸ் கூறுகின்றது, எஞ்சும் பிழைக்கு அது விதிக்கும் வரம்பு 350 ஹெர்ட்ஸ். அந்த அளவில் கட்டம் முழுச்சுற்று சுற்ற ஏறத்தாழ 2.86 மில்லி நொடி ஆகும். ஒரு சட்டகத்தின் உச்ச நீளமோ 5.484 மில்லி நொடி. எனவே அவ்வரம்பை மட்டும் நிறைவுசெய்யும் கருவிகள், நெடிய சட்டகம் ஒன்று முடிவதற்குள் ஏறத்தாழ இருமுறை ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் செல்லக்கூடும். இவ்விரு ஆவணங்களை மட்டும் கையில் கொண்ட தேர்ச்சியாளர் முயல விரும்பியிருப்பார். வெற்றியை எதிர்பார்த்திருப்பார் எனச் சொல்வது கடினம்.

5.2 மூன்றாம் ஆவணம்

2012ஆம் ஆண்டு சிக்காம் மாநாட்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, தனித்த கடிகாரங்களுடைய அணுகுமுனைகளைக் கூட்டாகச் செலுத்தச் செய்யும் வழியை விளக்கியது. முதன்மை அணுகுமுனை ஒவ்வொரு செலுத்துகையின் தொடக்கத்திலும் ஓர் ஒத்திசைவுத் தலைப்பை அனுப்ப, துணை அணுகுமுனைகள் அதிலிருந்து தம் கட்டச்சுழற்சியை நேரடியாக அளந்து திருத்துகின்றன. மனுதாரர் இக்கட்டுரையையும் சேர்த்திருந்தால் எதிர்பார்ப்புப் பற்றிய தடை பெரிதும் விலகிவிடும்.

ஆகவே ஒரே கோரல், ஒரே விண்ணப்ப நாள்; மனுவில் எவ்வாவணம் இடம்பெற்றது என்பதைப் பொறுத்து முடிவு மாறுகின்றது. வாரியம் தானே இக்குறையை நிரப்பவும் இயலாது. மனுதாரர் முன்வைத்திருக்கக்கூடிய, ஆனால் முன்வைக்காத வாதத்தை வாரியம் அவர் சார்பில் கட்டமைக்கலாகாது என்பதை ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு மேக்னம் ஆயில் டூல்ஸ் வழக்கில் தெளிவாக்கியது.

5.3 உரிமையாளரின் இருமுனை இக்கட்டு

கட்ட ஒத்திசைவு தேர்ச்சியாளருக்கு எட்டாதது என்று உரிமையாளர் வாதிடலாம். ஆனால் அவருடைய விவரக்குறிப்பே அதனை எவ்வாறு அடைவது என்று சொல்லாமல் விட்டிருந்தால் அவ்வாதம் அவரையே திருப்பித் தாக்கும். விவரக்குறிப்பு விளக்காமல் விட்டதைத் தேர்ச்சியாளர் அறிந்திருப்பார் என்றே கொள்ளலாம் என்பதற்கு 1994ஆம் ஆண்டின் எப்ஸ்டீன் வழக்கு ஆதரவு தருகின்றது. விளக்கக் குறைபாட்டைத் தனிக் காரணமாக இம்மறுஆய்வில் எழுப்ப இயலாது; எனினும் அக்குறைபாடு தேர்ச்சியாளரின் திறன்நிலையைக் காட்டும் சான்றாக உள்ளே வந்துவிடுகின்றது.

6. மூன்று துணைச் சிக்கல்கள்

6.1 தரக்குழு ஆவணம் அச்சிட்ட வெளியீடா?

கம்பியில்லாத் துறையின் முன்னறிவில் பெரும்பகுதி, தரக்குழுக் கூட்டங்களுக்கு அளிக்கப்பட்ட முன்மொழிவுகளாக உள்ளது. இவை முன்னறிவாக ஏற்கப்பட, துறையில் ஆர்வமுடையவர் நியாயமான முயற்சியால் விண்ணப்ப நாளுக்கு முன் கண்டடைந்திருக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் சாம்சங் எதிர் இன்ஃபோபிரிட்ஜ் வழக்கு ஒரு காணொளித் தரத்தின் பணி வரைவு பற்றியது. எவரேனும் உண்மையில் அதனைப் பார்த்தார் என மெய்ப்பிக்கத் தேவையில்லை. பார்த்திருக்க இயலும் என்பதே அளவுகோல் என நீதிமன்றம் விளக்கியது. அதே வேளையில், இணையதளத்தில் ஏற்றப்பட்டது என்பது மட்டும் தேடிக் கண்டடையத்தக்கது எனப் பொருள்படாது. ஏற்றிய நாள், அடைவு அமைப்பு, குழுவுக்கு வெளியிலுள்ளோருக்கு அனுமதி ஆகியவற்றுக்குத் தனிச்சான்று தேவை.

6.2 கோரலின் பொருள்

2018 நவம்பர் முதல் தாக்கலாகும் மனுக்களில், நீதிமன்றங்கள் கையாளும் அதே முறையிலேயே வாரியமும் கோரலின் சொற்களுக்குப் பொருள் கொள்கின்றது. ‘ஒருங்கிணைந்த’ என்னும் ஒரே சொல்லை நேரப் பங்கீடு வரை விரித்துப் பொருள்கொண்டால் முன்னறிவு பெருகும். கட்ட ஒத்திசைவு வரை சுருக்கினால் அது அருகும். மீறல் வழக்கில் பிறரைப் பிடிக்க விரிந்த பொருளை நாடும் உரிமையாளர், மறுஆய்வில் தப்பச் சுருங்கிய பொருளை நாடுவதை இது கடினமாக்குகின்றது.

6.3 புறச்சான்று

ஏழாம் தலைமுறை வைஃபையில் இந்நுட்பம் ஒத்திவைக்கப்பட்டதைப் பிறரின் தோல்விக்குச் சான்றாக உரிமையாளர் காட்டக்கூடும். தரக்குழு ஒன்றை ஒத்திவைப்பதற்குக் கால அட்டவணையும் உடன்பாட்டுச் சிக்கலும் காரணமாகலாம்; அது தொழில்நுட்பத் தோல்வியாகாது. மேலும் புறச்சான்றுக்கும் கோரலின் உள்ளடக்கத்துக்கும் தொடர்பு நிறுவப்பட வேண்டும் என்பதை 2019ஆம் ஆண்டின் ஃபாக்ஸ் ஃபேக்டரி எதிர் ஸ்ராம் வழக்கு வலியுறுத்துகின்றது. தரத்தில் இடம்பெற்றதால் விற்ற கருவியின் வெற்றியை, அக்கருவியிலுள்ள ஆயிரம் கூறுகளுள் ஒன்றான இக்கோரலுக்கு உரியதாக்குவது எளிதன்று.

7. இந்தியச் சட்டத்தோடு ஓர் ஒப்பீடு

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970, பிரிவு 2(1)(ஜேஏ)-இல், முன்னறிவை நோக்கத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ கொண்டு, துறைத் தேர்ச்சியாளருக்கு எளிதிற் புலப்படாததாக உள்ள கூறினைக் ‘கண்டுபிடிப்புப் படி’ என வரையறுக்கின்றது. பட்டறைத் திறத்தால் விளையும் மேம்பாடு போதாது என்பதை உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்டிரீஸ் வழக்கில் நிலைநாட்டியது. கதவுக்குமிழ் வழக்கின் எதிரொலியை இதில் கேட்கலாம்.

நடைமுறை வேறு. 25(1) பிரிவின்படி வழங்குமுன் எதிர்ப்பை எவரும் எழுப்பலாம். 25(2) பிரிவின்படி வழங்கியபின் எதிர்ப்பை, வெளியீட்டிலிருந்து ஓராண்டுக்குள் அக்கறையுடையோர் எழுப்பலாம். விளக்கப் போதாமையும் இங்கு எதிர்ப்புக்குரிய தனிக்காரணம். எனவே 5.3-இல் கண்ட இக்கட்டு இந்தியாவில் மறைமுகமாக அன்றி நேரடியாகவே எழும்.

8. முடிவுரை

இரு கோரல்களும் ஒரே நுட்பக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் உறுப்புகள் முன்பே அறியப்பட்டவை. இரண்டிலும் இணைப்பதற்குக் காரணம் உண்டு. எனினும் முதலாவதில் அக்காரணமே முடிவுவரை அழைத்துச் செல்கின்றது. இரண்டாவதில் அது பாதிவழியில் நின்றுவிடுகின்றது. எஞ்சிய தொலைவை வெற்றி குறித்த எதிர்பார்ப்பே கடக்க வேண்டும். அதற்குத் தனிச்சான்று வேண்டும்.

விரும்பத்தக்கது என்பதாலேயே ஒன்று இயலத்தக்கது எனக் கொள்ளும் மறுஆய்வு, கண்டுபிடித்தபின் பெற்ற அறிவைக் கண்டுபிடிக்குமுன் வாழ்ந்தவர் தலையில் ஏற்றுகின்றது. கடினமானது என்பதாலேயே புலப்படாதது எனக் கொள்ளும் மறுஆய்வு, அக்கடினத்தை முன்பே தீர்த்துப் பொதுவில் வைத்த ஆய்வாளரின் உழைப்பைப் பின்வந்தவரின் உடைமையாக்குகின்றது. முதற்பிழையால் இழப்பவர் கண்டுபிடிப்பாளர். இரண்டாம் பிழையால் இழப்பது பொதுச்சமூகம். காரணத்தையும் எதிர்பார்ப்பையும் வேறுவேறாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் நாளிட்ட ஆவணத்தைக் கேட்பதே இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் வழி. வைஃபை எட்டாம் தலைமுறை நடைமுறைக்கு வரும்போது எழக்கூடிய வழக்குகளை ஆராய்வோருக்கு இவ்வேறுபாடு முதற்கருவியாக அமையும்.